பெயர் சூட்டும் உத்தியோகம்

எங்கள் வீட்டு விலாசத்தில் வரும் ‘இரண்டு’ என்ற எண்ணால் நான் பட்டது கொஞ்சமல்ல. ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டாவது மெயின் ரோடு என்று ஒன்று உண்டு. இரண்டாவது குறுக்குத் தெரு என்று வேறொன்றும் உண்டு. போதாக்குறைக்கு வாசல் இலக்கத்தில் பழையது ஒன்று, புதியது ஒன்று. ஆற்றைத் தாண்டி அடையாறு காந்தி நகருக்குப் போனால் அங்கேயும் இதே மெயின் ரோடுகள், இதே குறுக்குத் தெருக்கள். வரிசையாக எண் போட்டுவிட்டால் குழப்பத்துக்கு இடமே இராது என்று யாரோ ஒழுங்கில் பற்றுள்ள மனிதர் நினைத்திருக்கிறார். எங்கள் தபால்காரர் மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை. அவருக்கு எண் வேண்டாம்; ஆளைத் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் இரவு என் மனைவிக்கு மார்பு வலி வந்தது. வண்டிக்கு ஃபோன் செய்தேன். அந்தப் பதற்றத்தில் ‘செகண்ட் மெயின்’ என்று முழுதாகச் சொன்னேனோ, ‘செகண்ட்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினேனோ, இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. வண்டி குறுக்குத் தெருவுக்குப் போய், எங்கள் இலக்கமே போட்ட ஒரு வீட்டு வாசலில் நின்று, தூங்குகிறவர்களை எழுப்பியிருக்கிறது. இருபது நிமிஷம் போயிற்று. நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்த அந்த இருபது நிமிஷத்தைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. அவள் பிழைத்து எழுந்துவிட்டாள். இப்போது பக்கத்தில் நின்று, “இதையெல்லாமா எழுதுவது?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்றிரவு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவன் என் தமக்கை மகன். இந்த ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற பிரிவில் அவனுக்கு வேலை. எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதினால் அவன் இந்தப் பக்கம் தலை காட்ட மாட்டான். ஆகையால் அது இருக்கட்டும்.

அதற்கு மறு வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். காபியைக் கையில் வைத்துக்கொண்டே ஆற விட்டான். சாதாரணமாகச் சூட்டோடு குடித்துவிட்டு இரண்டாவது தம்ளர் கேட்கிறவன். “என்னடா விஷயம்?” என்றேன்.

“மெமோ கொடுத்திருக்கிறார்கள், மாமா” என்றான்.

அவன் சொன்ன கதை இது. அவர்கள் இடத்தில் பொது வேலைகளுக்கென்று நாற்பத்தெட்டு கம்ப்யூட்டர்கள். நூலகத்துக்கு வாங்கியதற்கு ‘லைப்ரரி’ என்று பெயர். இரண்டாவது வாங்கியதும் ‘லைப்ரரி-2’. பரீட்சைப் பிரிவுக்கு ‘எக்ஸாம்’. விடுதிக்கு ‘ஹாஸ்டல்’. ஒரு பேராசிரியர் தம் பெயரையே வைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போனார். அவர் பெயரில் இப்போது சம்பளப் பட்டியல் ஓடுகிறது. இதில் யாருக்கும் கஷ்டமில்லை, நான்கு வருஷத்துக்கு முன் ‘எக்ஸாம்’ படுத்துக்கொள்ளும் வரையில். நூலகத்துக்கு அப்போதுதான் பெரிய யந்திரம் வந்திருந்தது. லைப்ரரி-2 சும்மா கிடந்தது. “ரெண்டு நாளைக்கு இதில் ஓட்டுங்கள்” என்று பரீட்சை வேலையை அதில் ஏற்றினார்கள். எக்ஸாம் பழுது பார்க்கப்பட்டுத் திரும்பி வந்தது. ஆனால் ஓடுகிறதை எதற்குத் தொட வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு நாள் நான்கு வருஷமாயிற்று. ஏற்றி வைத்தவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்.

பிறகு ஓர் உத்தரவு வந்தது: லைப்ரரி-2 பழசாகிவிட்டது, நிறுத்தவும். என் மருமான் பொறுப்புள்ள பையன். நூலகத்துக்குப் போய் விசாரித்தான். “எங்களுக்கு வேண்டவே வேண்டாம்” என்றார்கள். காலை பதினொரு மணிக்கு நிறுத்தினான். அன்று பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாள்.

“எக்ஸாம் எதிரிலேயே எட்டுப் பேர் நின்றோம், மாமா. விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, ஒரு குறையும் இல்லை. இருக்காதே! அது நாலு வருஷமாக வெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. நாலு மணிக்குத்தான் எனக்கு உறைத்தது.”

அதற்குள் ஜன்னலில் கூட்டம். செய்யாறு பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண், ஃபோனில் கட்ட முடியவில்லை, இங்கேயே கட்டிக்கொள்ளுங்கள் என்று நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளாம். இங்கே ரொக்கம் வாங்குவதில்லை என்றார்கள். நாளைக்கானால் அபராதம் சேருமே, அதற்கு அப்பாவிடம் மறுபடி கேட்க முடியாதே என்றாளாம். சாயங்காலம் தேதியை ஒரு நாள் நீட்டித்து அறிவிப்பு ஒட்டினார்கள். அவள் அதற்குள் போய்விட்டாள்.

“அப்புறம் கட்டினாளா?”

“பட்டியலைப் பார்க்கலாமென்று போனேன். பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை, மாமா” என்றான்.

மெமோவுக்குப் பதில் எழுதியாகிவிட்டதாம். இனி இப்படி நேராமலிருக்க எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பெயர் வைக்கும் வேலையையும் அவன் தலையிலேயே கட்டிவிட்டார்கள். “நீங்கள் எத்தனையோ பாத்திரங்களுக்குப் பெயர் வைத்தவர். நாற்பத்தெட்டு பெயர் கொடுங்களேன்” என்றான்.

எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது உண்மை. ஆனால் இந்த விஷயத்தில் என் யோக்கியதை எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தொடர்கதையில், எட்டாவது வாரம் வரை ராமநாதனாக இருந்த தாய்மாமனை ஒன்பதாவது வாரத்தில் ராமலிங்கமாக்கிவிட்டேன். எனக்குத் தெரியவில்லை, பத்திரிகையிலும் தெரியவில்லை. வாசகர்கள் விடவில்லை. ‘ராமநாதன் எப்போது காலமானார்?’ என்று ஓர் அம்மையார் அனுதாபத்தோடு கேட்டிருந்தார். ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு பெயர்களை ஒரே கதையில் வைக்காதே என்ற பாடத்தை அன்று கற்றேன். அதை மருமானிடம் சொன்னேன். நோட்டில் குறித்துக்கொண்டான்.

அவன் எனக்குச் சொன்னவை அதைவிடச் சுவாரசியமானவை. யந்திரங்களுக்குள் பேச்சு நடப்பது எண்ணில்தான். பெயர் நமக்காக வைப்பது. எங்கள் பேட்டைக்குப் பின்கோடு 600028. தபால் இலாகாவுக்கு அது போதும். (அந்த எண்ணே 2007-ல் ஒரு சினிமாவுக்குப் பெயராகி, எண்ணும் பெயராகலாம் என்று காட்டிவிட்டது வேறு விஷயம்.) அமெரிக்காவில் 1969-ல் கம்ப்யூட்டர்களை வலைபோலப் பின்னத் தொடங்கியபோது, எந்தப் பெயருக்கு எந்த எண் என்று பிற்பாடு ஒரே ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். கலிபோர்னியாவில் எலிஸபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் அலுவலகத்தில் அது இருந்தது. புது யந்திரம் வாங்கியவர்கள் அங்கே தகவல் சொல்லிப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். யந்திரங்கள் பெருகப் பெருக அந்தப் பட்டியல் தாங்கவில்லை. 1983-ல் பால் மொகாபெட்ரிஸ் என்பவர் வேறு வழி சொன்னார்: ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தானே பெயர் வைத்துக்கொள்ளட்டும், பின்னால் குடும்பப் பெயரையும் அதன் பின்னால் தேசத்தின் பெயரையும் புள்ளி வைத்துச் சேர்த்துக்கொண்டால் போதும். இன்று உலகம் முழுவதும் அந்த வழிதான்.

“அட, இது நம் இனிஷியல்தானே!” என்றேன். ஊர், தகப்பனார், தன் பெயர் என்று புள்ளி வைத்து எழுதுகிறவர்கள் நாம். நாம் பெரியதை முன்னால் வைக்கிறோம். அவர்கள் சிறியதை முன்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள்கூட 1980-களில் நம்மைப் போல் தேசத்தை முதலில் போட்டுத்தான் எழுதிக்கொண்டிருந்தனவாம். கம்ப்யூட்டர் சயன்ஸ் துறைக்கு அவர்கள் வைத்த ‘ஸி.எஸ்.’ கடைசியில் வரும். மற்ற தேசத்து வழக்கப்படி கடைசியில் வருவது தேசம், அன்றைக்கு ‘ஸி.எஸ்.’ என்றால் செக்கோஸ்லோவாகியா. கடிதம் இங்கிலாந்துக்கா ப்ராகுக்கா என்று யந்திரம் திகைக்கும்படி ஆயிற்று. எனக்கு எங்கள் வண்டி ஞாபகம் வந்தது.

வீட்டுப் பிள்ளைக்குத் தானே பெயர் வைக்கலாம் என்ற சுதந்திரம் கிடைத்ததும்தான் என் மருமான் ஆபீஸில் நடந்தது போன்ற கூத்துகள் உலகமெங்கும் நடந்திருக்கின்றன. 1990-ல் டான் லைப்ஸ் என்பவர், கம்ப்யூட்டருக்குப் பெயர் வைப்பது எப்படி என்று வேடிக்கையும் விவேகமுமாக ஒரு சிறு குறிப்பு எழுதினார். செய்கிற வேலையைப் பெயராக வைக்காதே, வேலை மாறும். சொந்தப் பெயரை வைக்காதே, ஆள் மாறுவான். ஓர் இனத்தைத் தேர்ந்தெடுத்து அதிலிருந்து வரிசையாக எடுத்து வை. இவ்வளவும் அதில் இருக்கிறது என்று மருமான் வருத்தத்தோடு சொன்னான். அவன் அதை மெமோ வந்த பிறகுதான் படித்தான்.

இனம் என்றதும், நம் பக்கத்திலேயே பார்க்கலாமே என்றேன். கிண்டியில் 1959-ல் தொடங்கிய ஐ.ஐ.டி.யில் மாணவர் விடுதிகளுக்கெல்லாம் ஆறுகளின் பெயர்கள்: காவேரி, கிருஷ்ணா, நர்மதா, தபதி, கோதாவரி. புதிது கட்டக் கட்ட மகாநதி, தாமிரபரணி என்று போய்க்கொண்டே இருக்கிறது. தரமணியில் இருக்கிற கணித அறிவியல் நிறுவனம் மலைகளைப் பிடித்துக்கொண்டது. 2004-ல் உலகத்தின் 500 பெரிய கம்ப்யூட்டர்களின் பட்டியலில் இடம் பெற்ற அவர்களுடைய கம்ப்யூட்டர் தொகுதிக்குக் ‘கப்ரு’ என்று பெயர். சிக்கிமுக்கும் நேபாளத்துக்கும் இடையே உள்ள சிகரம் அது. பின்னால் வந்தவை அன்னபூர்ணா, நந்தாதேவி, சாத்பூரா. மலை ஒரு வேலையும் செய்வதில்லை. ஆகையால் அந்தப் பெயர் எந்த வேலைக்கும் ஒத்துவரும்.

நமக்கு எந்த இனம்? தெய்வங்கள் என்று தொடங்கினோம். உள்ளே சமையலறையிலிருந்து ஆட்சேபம் வந்தது. “லட்சுமி நேற்றிலிருந்து வேலை செய்யவில்லை, சரஸ்வதியைக் கழற்றிப் போட்டாயிற்று என்று காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருப்பீர்களா?” கிரகங்கள் வேண்டாம் என்று அவனே சொன்னான். அவை சொற்பம், அந்தச் சொற்பத்திலும் புளூட்டோவை 2006-ல் தள்ளி வைத்துவிட்டார்கள்.

எனக்கு மேளகர்த்தா ராகங்கள் தோன்றின. மயிலாப்பூர்க் காற்றை இத்தனை வருஷம் சுவாசித்தவனுக்கு வேறு என்ன தோன்றும்! எழுபத்திரண்டு இருக்கின்றன, நாற்பத்தெட்டுக்குத் தாராளம். அதோடு அந்தப் பெயர்களிலேயே வரிசை எண் ஒளிந்திருக்கிறது. கடபயாதி என்று ஒரு கணக்கு. மாயாமாளவகௌளையில் முதல் எழுத்து ‘ம’வுக்கு ஐந்து, அடுத்த ‘ய’வுக்கு ஒன்று; திருப்பிப் போட்டால் 15; அது பதினைந்தாவது மேளம். வெறும் கல்யாணியாக இருந்ததை இந்தக் கணக்குக்காகவே மேசகல்யாணி ஆக்கினார்கள். ‘ம’ ஐந்து, ‘ச’ ஆறு, அது 65. பெயரைப் பார்த்தால் எண்ணும் தெரியும்! அன்று மருமான் எதிரில் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“எழுபத்து மூன்றாவது கம்ப்யூட்டர் வாங்கினால்?” என்றான்.

எழுபத்து மூன்றாவது மேளகர்த்தா கிடையாது. அது போகட்டுமென்றால், அவன் ஒரு காகிதத்தை நீட்டி, ‘தீரசங்கராபரணம்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னான். நான் எழுதினேன். உள்ளே போய் அத்தையை எழுதச் சொல்லி வாங்கி வந்தான். இரண்டும் ஐந்து இடத்தில் வித்தியாசப்பட்டன. “ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவன் இதை ஃபோனில் சொல்ல, இன்னொருவன் அங்கே தட்ட வேண்டும், மாமா. டி-யா, டி.ஹெச்.-ஆ, எஸ்-ஸா, எஸ்.ஹெச்.-ஆ என்று கேட்டுக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும்.”

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. யந்திரத்தின் பெயரில் ஆங்கில எழுத்து, எண், நடுவில் ஒரு சிறு கோடு, இவை தவிர வேறு வரக் கூடாது என்பது பழைய விதி. இப்போது தமிழிலும் முகவரி வைக்க முடியும்; இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றுக்கும் தமிழெழுத்திலேயே முகவரி முடிவு உண்டு. ஆனால் உள்ளே அது ஆங்கில எழுத்துக் கோவையாக வேஷம் மாறித்தான் பயணம் செய்கிறது. ஆகவே தமிழன் கம்ப்யூட்டருக்குப் பெயர் வைப்பதென்றால், ஆங்கில எழுத்தில் ஒரே விதமாக மட்டும் எழுதக்கூடிய தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டும். ‘ழ’ கூடாது. ‘த’ கூடாது. நெடிலும் குறிலும் சண்டை போடக் கூடாது. நம் மொழியின் அழகெல்லாம் எந்த எழுத்துகளில் குடியிருக்கிறதோ அவை அத்தனையும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

கடைசியில் மரங்களில் வந்து நின்றோம். மரம் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின. வாழை, மகிழம் முதலில் விழுந்தன. தென்னை, மருது, தேக்கு மூன்றும் ‘த’வினால் போயின. கொன்றையை ஆளுக்கொரு விதமாக எழுதினோம். நாவலை ஆங்கிலத்தில் எழுதினால் கடற்படை என்று படிக்கிறார்கள். புளிக்கும் புலிக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. அரசு பிரமாதமான பெயர் என்று இருவரும் மகிழ்ந்தோம். பிறகு, ‘அரசு இன்று காலை கவிழ்ந்துவிட்டது, மத்தியானத்துக்குள் நிமிர்த்திவிடுவோம்’ என்று பல்கலைக்கழகத்தில் அறிவிப்பு ஒட்டுவதை நினைத்துப் பார்த்துக் கைவிட்டோம். புன்னை, வேம்பு, பனை, நெல்லி, புங்கம், இலுப்பை தேறின. அடிக்கடி கோளாறு செய்கிற ஒரு பழைய யந்திரத்துக்கு முருங்கை என்று பெயர் வைக்கச் சொன்னேன். வேதாளத்துக்கு வேறு இடம் ஏது?

மேலதிகாரி ஒருவர் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, “இது என்ன நர்ஸரியா? கட்டடம், மாடி, அறை, வரிசை எண் என்று ஒழுங்காகப் போடு” என்றாராம். எனக்கும் முதலில் அது நியாயமாகப் பட்டது. ‘பி-2-எஃப்-3’ என்றால் எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடுமே! மருமான் சொன்னான்: “இரண்டாவது மாடியில் இருப்பதை மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெயர் பொய்யாகிவிடும். தூக்காவிட்டாலும் எண்ணும் எண்ணும் ஒன்று போலவே இருக்கும். இரண்டாவது மெயினா, இரண்டாவது கிராஸா என்று நான் ஒரு தடவை ஓடினது போதும், மாமா.” இதையே அவரிடமும் சொன்னானா என்று கேட்டேன். சொன்னானாம். அவர் வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். அவர் வீடும் ஏதோ ஒரு குறுக்குத் தெருவில் இருக்கலாம்.

அப்படியானால் பரீட்சைப் பிரிவுக்காரர்கள் ‘எக்ஸாம்’ என்று தட்டிப் பழகியதை என்ன செய்வது? அவர்களிடம் போய், இனிமேல் புன்னை என்று தட்டுங்கள் என்றால் அடிக்க வர மாட்டார்களா? இதற்கு அவர்கள் சாஸ்திரத்திலேயே வழி இருக்கிறது. ஒரு யந்திரத்துக்குச் சொந்தப் பெயர் ஒன்று. அது பிறந்ததிலிருந்து சாகும் வரை மாறாது. அதற்கு மேல் வேலைப் பெயர் என்று ஒரு பலகை மாட்டலாம். பலகையை எப்போது வேண்டுமானாலும் கழற்றி வேறு ஒன்றுக்கு மாட்டலாம். தாசில்தார் என்பது நாற்காலிக்குப் பெயர்; அதில் உட்கார்ந்திருக்கிறவருக்கு வீட்டில் வேறு பெயர் இருக்கிறது. மனு தாசில்தாருக்குத்தான் எழுதுகிறோம். முன்னே அவர்கள் செய்த தப்பு, ஒரு குழந்தைக்குத் தொட்டிலிலேயே தாசில்தார் என்று பெயர் வைத்தது. பெரியவனாகி அவன் வைத்தியம் படித்தாலும் ஊர் அவனைத் தாசில்தார் என்றுதானே கூப்பிடும்!

பெயர் மாற்றுவது சொன்னபடி லேசாக முடியவில்லை. எட்டு மாதம் ஆயிற்று. பழைய பெயர் எங்கெங்கோ ஒளிந்துகொண்டிருந்தது: நிரல்களுக்குள்ளே, அச்சிட்ட படிவங்களில், சுவரில் ஒட்டிய காகிதங்களில், மனிதர்களின் விரல்களில். நம் ஊருக்கே 1996-ல் பெயரை மாற்றினார்கள். ஆனாலும் சென்னையில் இருக்கிற உயர் நீதிமன்றத்துக்கு ஆங்கிலத்தில் இன்னும் மெட்ராஸ்தான். கிரீன்வேஸ் சாலைக்கு வேறு பெயர் வைத்தாகிவிட்டது. பறக்கும் ரயில் நிலையம் இன்னும் கிரீன்வேஸ் சாலை என்றே சொல்லிக்கொண்டு நிற்கிறது. மருமான் பழைய பெயர்களை உடனே அழிக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு அவற்றையும் பலகைகளாக மாட்டி வைத்து, எந்தப் பலகையை யாரும் தேடி வரவில்லை என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழற்றினான். லைப்ரரி-2 பலகையைத்தான் கடைசியாகக் கழற்றினானாம். அதற்கு அவன் காரணம் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அவனிடமிருந்து ஃபோன். “புன்னை போய்விட்டது, மாமா.”

பக்கத்திலிருந்த என் மனைவி, “ஐயோ, எந்தப் பொண்ணு?” என்று பதறிவிட்டாள். அவளுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, பரீட்சை வேலை என்னவாயிற்று என்று கேட்டேன். பலகையைக் கழற்றி வேம்புக்கு மாட்டினானாம். பத்து நிமிஷத்துக்குள் முடிந்ததாம். மறுநாள் பரீட்சைப் பிரிவில் ஒருவருக்கும் தெரியாது.

புதிதாக வாங்கப்போகும் யந்திரத்துக்குப் புன்னை என்றே பெயர் வைக்கச் சொன்னேன். நம் வழக்கம் அதுதானே? தாத்தா பெயரைச் சுமப்பவன் என்பதால்தானே அவன் பெயரன், பேரன்! அடையாற்று ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகளைத்தான் இன்றும் அதே பெயரால் அழைக்கிறோம் என்றேன். அவன் ஒப்பவில்லை. “ஐந்து வருஷம் கழித்து ஒருவன் பழைய நோட்டைப் பார்ப்பான். புன்னைக்கு இந்த வியாதி இருந்தது என்று எழுதியிருக்கும். எந்தப் புன்னை என்று தெரியாமல் புதுசைப் போய் அறுப்பான். போன பெயர் போனதுதான், மாமா.” நோட்டில் அந்தப் பெயருக்கு நேரே வந்த தேதியும் போன தேதியும் எழுதி அடிக்கோடு போட்டுவிட்டானாம்.

எனக்கு அதில் இன்னும் சம்மதமில்லை. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து, புது யந்திரம் வந்து இறங்கிவிட்டது, பெயர் வேண்டும் என்று நின்றான். நுணா என்று எழுதிக் கொடுத்தேன். அதை ஆங்கிலத்தில் ஒரு தரம் எழுதினான். உள்ளே போய் அத்தையை ஒரு தரம் எழுதச் சொன்னான். இரண்டிலும் நாலே எழுத்து, ஒன்று போல இருந்தது. காபியைச் சூட்டோடு குடித்துவிட்டு இரண்டாவது தம்ளர் கேட்டான்.